உங்களுக்குத் தெரியுமா? கேமராவில் சிக்காத புலிக்கும் கணக்கு உண்டு!

2018-ஆம் ஆண்டு இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் கேமராக்களில் அடையாளம் காணப்பட்டவை 2,461 புலிகள். அறிவிக்கப்பட்ட மதிப்பீடோ 2,967. மீதி எப்படி வந்தது?

எந்த இரண்டு புலிகளின் வரிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை; அதனால் படத்தைப் பார்த்தே ஒவ்வொரு புலியையும் அடையாளம் காணலாம். ஒரு காட்டில் முதல் சுற்றில் 20 புலிகள் படமாகின்றன என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சுற்றில் 25. அவற்றில் 10 ஏற்கெனவே பதிவானவை, அதாவது ஐந்தில் இரண்டு பங்கு. அப்படியென்றால் முதலில் சிக்கிய 20-உம் மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான். காட்டில் சுமார் 50 புலிகள். (அதற்குள் எந்தப் புலியும் சாகாமல், ஊர் மாறாமல் இருக்க வேண்டும்!) நிஜக் கணக்கெடுப்பின் சூத்திரங்கள் இதைவிடச் சிக்கலானவை, அடிப்படை இதுவே.

இந்த வழியைப் புலிகளுக்குப் பயன்படுத்திக் காட்டியவர் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த், 1990-களில், கர்நாடகத்தின் நாகரஹொளேயில்.