விலையில்லா அவையும் மலையேறும் மாணவரும்

ஊர் என ஒன்று இருந்தால் அங்கே ஒரு மன்றம் இருக்கும். மன்றம் இருந்தால் பேசுவாரும் கேட்பாரும் இருப்பர். ஊவா மலைத்தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர்க்கும் கூடுமிடங்கள் இருந்தன. விடியற்காலையில் தப்பொலி கேட்டுக் கூடிய பெரட்டுக்களம் ஒன்று; மாரியம்மன் கோயில் முன்றில் ஒன்று; காமன் கூத்து நிகழ்ந்த லயத்து முற்றம் மற்றொன்று. முன்னதில் ஏவலுக்குக் கூடினர்; பின்னிரண்டிலும் விருப்பத்தாற் கூடினர். இன்று நாலாவதாக ஒரு கூடுமிடம் சேர்ந்திருக்கிறது. அதற்குச் சுவரில்லை, கூரையில்லை, நிற்பதற்கு நிலமுமில்லை. அதனை இணையவழிக் கூட்டம் என்கிறோம்.

சூம், கூகுள் மீற், ஜிட்சி என்பன இக்கூட்டத்துக்குரிய கருவிகளுட் பெயர்பெற்றவை. ஒருவர் கூட்டத்தைத் தொடங்கி, அதற்குரிய இணைப்பை வட்ஸ்அப் வழியாக அனுப்புகிறார். பெற்றவர் அதனைத் தொட்டதும் அவையினுட் புகுகிறார். மண்டப வாடகை இல்லை. பஸ் கட்டணம் இல்லை. இருப்புப்பாதை பதுளையை வந்தடைந்தது 1924ஆம் ஆண்டில். அதற்குப் பின்னரும், 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் ஓர் அறிஞரின் உரையைக் கேட்க விழைந்த பதுளைத் தமிழர், ஏறத்தாழ 290 கிலோமீற்றர் பயணஞ் செய்தே அதனைக் கேட்டல் வேண்டும். நோய்த்தொற்று நாட்டை முடக்கிய 2020, 2021ஆம் ஆண்டுகளில் இலக்கியக் கூட்டங்கள் பல இணையவழியே நடந்தபோது, தொறன்ரோவில் இருப்பவர் உரையாற்ற ஹப்புத்தளையில் இருப்பவர் வினாத் தொடுக்கும் வழி பிறந்தது. இது சிறிய பேறன்று.

இவையெல்லாம் இலவசம் என்பர். அந்த ஒரு சொல்லையே ஈண்டு ஆராய விரும்புகிறோம். கதவு திறந்திருப்பது வேறு. கதவுவரை செல்ல வழி இருப்பது வேறு. கதவுக்குக் கட்டணம் இல்லை என்பதனால் வழிக்கும் கட்டணம் இல்லை என்று கொள்ளலாமா?

லுணுகலையின் மரவீடு

2020 மார்ச் மாதத்தில் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. திறப்பதும் மூடுவதுமாக ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழிந்தது. அக்காலத்தில் வகுப்பறை கைத்தொலைபேசிக்குள் ஒடுங்கியது. நகரத்துப் பிள்ளை தன் வீட்டு மேசையில் அமர்ந்து பாடங்கேட்டது. ஆனால் பதுளை மாவட்டத்து லுணுகலைப் பகுதியில் நடந்ததை 2021 ஆகஸ்டில் உலகச் செய்தி நிறுவனங்கள் படத்துடன் வெளியிட்டன. அங்கே பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலையுச்சிக் காட்டுக்கு நடந்தனர். தரையிலிருந்து ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்தில், மரத்தின்மேற் கட்டிய சிறு பரணில் ஏறினாற்றான் சிக்னல் கிடைத்தது. பிள்ளைகள் முறைவைத்து ஏறிப் பாடங்களைப் பெற்றுக்கொண்டு, வீட்டுவேலைகளை அனுப்பினர். போஹிட்டியாவ என்னும் சிற்றூரில் ஆசிரியரும் மாணவருமாக, யானையும் சிறுத்தையும் நடமாடும் புதர்க்காட்டினூடே 3 கிலோமீற்றருக்கு மேல் நடந்து பாறையொன்றின் உச்சியை அடைந்தனர் என்பதும் அதே செய்தியில் வந்தது.

இப்பிள்ளைகள் பயன்படுத்திய கருவிகளுக்கும் கட்டணம் இல்லை. ஆயினும் அவர்கள் கொடுத்த விலை கொஞ்சமன்று. கால்நோவு ஒரு விலை. பெற்றோர் இழந்த அரைநாட் சம்பளம் ஒரு விலை. மழை வந்தால் நின்றுபோகும் பாடம் மற்றொரு விலை.

தோட்டத்து வீட்டில் பெரும்பாலும் ஒரு கைத்தொலைபேசியே இருக்கும். அதுவும் கொழும்புக்கு வேலைக்குச் சென்ற அண்ணனின் சட்டைப்பையில் இருப்பதுண்டு. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் வகுப்பு வந்தால் எவர் கேட்பது? தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் கணினியறிவை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரித்துக் கணக்கிட்ட ஆய்வுகளில், தோட்டத்துறையே கடைநிலையில் நின்று வந்திருக்கிறது. இது பிள்ளைகளின் அறிவுக் குறைவன்று, வாய்ப்பின் குறைவு.

நேரத்துக்கும் விலையுண்டு. சூமின் விலையில்லாக் கூட்டம் 40 நிமிடத்தில் தானே முடிந்துவிடும். கூகுள் மீற்றில் மூவரோ மேற்பட்டோரோ கூடினால் எல்லை 60 நிமிடம். நம் பாடசாலைகளின் பாடவேளையும் 40 நிமிடமாக இருந்து வந்ததாதலின் பொருத்தம் நன்று எனத் தோன்றும். ஆனால் வகுப்பறையில் மணியடித்ததும் மாணவர் இருக்கையில் இருப்பர். இணையக் கூட்டத்திலோ ஒருவர் வர மற்றொருவர் அறுந்துபோவார், "குரல் கேட்கிறதா?" என்னும் வினாவிலேயே கால்மணி கழியும்.

நன்னூலார் காட்டும் அளவு

அவ்வாறாயின் இக்கருவிகளைத் தள்ளிவிடுவதா எனின், அன்று. எதை, எப்போது, எவ்வளவு பயன்படுத்துவது என்று அறிதலே வேண்டுவது. இதற்கு நம் இலக்கண நூலொன்றே அளவுகோல் தருகிறது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், பாயிரத்துட் பாடங்கேட்கும் முறையை வகுத்தார். இருமுறை கேட்டவனுக்குப் பிழை குறையும். மும்முறை கேட்டவன் பிறர்க்கு எடுத்துரைக்கும் முறையை அறிவான் என்பது அவர் கருத்து. ஆசிரியர் சொன்னதை முழுதாக உட்கொண்டாலும் மாணவன் பெறுவது நாலில் ஒரு பங்கே. மற்றொரு பங்கு உடன்கற்பாரோடு பழகுவதால் வரும். எஞ்சிய பாதி, தான் பிறர்க்கு உரைப்பதனால் வரும் என்றும் அவர் கணக்கிட்டார்.

இக்கணக்கை இன்றைய கருவிகளோடு பொருத்திப் பார்ப்போம். ஆசிரியர் முகத்தை நேரலையிற் காட்டி ஒரு மணி நேரம் நடத்தும் வகுப்பு பல நூறு மெகாபைற் டேட்டாவை விழுங்கும். குரல் மட்டும் எனின் அதிற் பத்தில் ஒரு பங்கும் ஆகாது. அதனினும் சிக்கனமானது, பத்து நிமிடப் பாடத்தைக் குரலாகப் பதிந்து வட்ஸ்அப்பில் அனுப்புவது. ஒருமுறை இறக்கிக்கொண்டால் அதனை லயத்துத் திண்ணையில் அமர்ந்து, சிக்னல் இல்லாத பொழுதிலும் மும்முறை கேட்கலாம். நேரலை வகுப்பை ஒருமுறையே கேட்கலாம்; அதுவும் அறுந்து அறுந்து கேட்கலாம். ஆகவே நன்னூலார் விரும்பிய கேள்விக்கு எளிய கருவியே உகந்தது.

நேரலைக் கூட்டத்தை ஐயம் வினாவுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுதல் நன்று. ஒரு லயத்துப் பிள்ளைகள் ஐவர் ஒரே தொலைபேசியைச் சூழ்ந்திருந்து கேட்கட்டும். வறுமை காரணமாக வந்த அவ்வேற்பாடு, உடன்கற்பாரோடு பழகும் அந்த இரண்டாம் பங்கையும் தந்துவிடும். மூத்த மாணவி இளையோர்க்குப் பாடத்தை எடுத்துரைத்தால் எஞ்சிய பாதியும் அவளுக்குக் கைகூடும். இப்பங்குகளை எக்கருவியும் தாராது. அவற்றைத் தருவது கூட்டுறவு.

முகவரியும் எழுத்தும்

கூட்டத்தை விட்டு அன்றாடக் காரியங்களுக்கு வருவோம். லயங்களில் வீட்டுக்கு வீடு தனி முகவரி இல்லாமை மலையகத்தின் நெடுங்காலக் குறை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். பின்னர் எவர் கையிலேனும் ஏறி லயத்தை அடையும். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் நாள் கடந்த பின் கைக்கு வந்த கதைகள் இங்கே பல. இந்நிலையில் விலையின்றிக் கிடைக்கும் மின்னஞ்சல், நகரத்தானுக்கு ஒரு வசதி. தோட்டத்துப் பிள்ளைக்கோ தன் பெயரில் அமைந்த முதல் முகவரி. பரீட்சைத் திணைக்களம் பெறுபேறுகளை இணையத்தில் வெளியிடுகிறது. பல்கலைக்கழக அனுமதிக்கும் இணையவழி விண்ணப்பம் உண்டு. இடையில் எவர் கையையும் பாராமல் தன் செய்தியைத் தானே பெறுவது தன்மானத்தோடு சேர்ந்த காரியம்.

ஆயினும் ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். பிள்ளை கொமினிகேஷன் கடைக்குச் செல்கிறது. கடைக்காரர் மின்னஞ்சலைத் திறந்து, கடவுச்சொல்லையும் தாமே இட்டு, விண்ணப்பத்தை அனுப்பிவிடுகிறார். அடுத்த மாதம் பதில் வரும்போது கடவுச்சொல் பிள்ளைக்குத் தெரியாது. காரியாலயத்துக்கு வந்த கடிதம் இப்பொழுது கடைக்கு வருகிறது; வேறுபாடு அவ்வளவே. பத்தாம் வகுப்பை முடிக்கும் முன்னர் ஒவ்வொரு மாணவரும் தம் மின்னஞ்சலைத் தாமே திறந்து, கடவுச்சொல்லைத் தம் கொப்பியில் எழுதிப் பாதுகாக்கப் பழக்குதல் ஆசிரியர் கடன்.

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டிற் பலர் பாமினி எழுத்துருவில் தட்டெழுதிப் பழகியவர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கட்டுரை ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். 1991 முதலே தமிழ் இடம்பெற்றுள்ள யுனிகோட் முறையில் அவ்விடர் இல்லை. பாமினியை யுனிகோட்டாக மாற்ற, சுரதா என்னும் ஈழத்தமிழர் ஆக்கிய "பொங்குதமிழ்" மாற்றி போன்ற கருவிகள் இணையத்தில் விலையின்றிப் பயன்பட்டு வந்துள்ளன. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகமோ, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எவரும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறது. நூல் நிலையம் இல்லாத தோட்டத்துக்கு இது பெருங்கொடை. ஒரு நூலை ஒருமுறை இறக்கிவிட்டால் பின் டேட்டாவும் வேண்டா.

இலவசமும் கட்டற்றதும்

விலையில்லாதவற்றுள்ளும் இருவகை உண்டு. ஒன்று, உரிமையாளர் விரும்பும்வரை இலவசமாக விடுவது. மற்றொன்று, அதன் மூலநிரலையே எவரும் எடுத்து இயக்கலாம் என்று விடுவது. பின்னதைக் கட்டற்ற மென்பொருள் என்பர். ஜிட்சி அவ்வகையது. 2003இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் முயற்சியாகத் தொடங்கியது. பல்கேரிய மொழியில் அப்பெயருக்குக் கம்பிகள் என்பது பொருள். அதன் பொதுத்தளத்திலும் 2023 ஆகஸ்டு முதல் கூட்டத்தைத் தொடங்குவோர் தம் கணக்கினால் உட்புகுதல் வேண்டும். ஆயினும் ஒரு பல்கலைக்கழகமோ கல்வித் திணைக்களமோ தன் சொந்தக் கணினியில் அதனை நிறுவி நடத்தத் தடையில்லை.

முன்வகைக்கு உள்ள நிலையாமையை ஸ்கைப் காட்டிற்று. 2003இல் வந்து உலகையே பேசவைத்த அது 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. எனவே பாடக்குறிப்பையும் கூட்ட அறிக்கையையும் ஓரிடத்தில் மட்டும் வைத்தல் தகாது. முன்பின் அறியாதார் வகுப்பினுட் புகுந்து இழிசொல் பேசிய நிகழ்ச்சிகள் பல நாடுகளில் மலிந்ததனால், 2020 ஏப்ரலில் சூம் நிறுவனம் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் இயல்பமைப்பாக்கியது. சிறுவர் கூடும் அவைக்கு வாயிற்காவல் இன்றியமையாதது.

பாடசாலைகளும் இலக்கிய வட்டங்களும் ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, வகுப்பில் எல்லார்க்கும் கடைசியாக வந்து சேரும் அந்த மாணவனைக் கொண்டே அதனை அளத்தல் வேண்டும். நல்ல தொலைபேசி உடையவனுக்கு எக்கருவியும் நன்றே. கடைசி மாணவனுக்கு எட்டுவது எதுவோ அதுவே வகுப்புக்குரிய கருவி. அவனுக்காகக் குரற்பாடம் அனுப்புவோம். பாடசாலைக் கணினி அறையை மாலையில் இரண்டு மணி நேரம் திறந்து வைப்போம். தோட்டந்தோறும் சிக்னல் வேண்டுமென்று உரியோரிடம் கேட்டுக்கொண்டே இருப்போம். லுணுகலைப் பிள்ளைகள் மரத்தில் ஏறியது அவர்களின் ஊக்கத்துக்குச் சான்று. அந்த ஊக்கத்தைப் பாராட்டி அமைவது போதாது. அடுத்த முறை அவர்கள் ஏறவேண்டாதபடி செய்வதே கற்பிப்பார் கடன்.