நல்ல கருத்தாளரைக் கண்டுபிடிப்பது எப்படி?



ஆண்டுப் பொதுக்குழுவோ மகளிர் தின விழாவோ வந்துவிட்டால் நம் கூட்டமைப்பில் முதல் பேச்சே பந்தல், மைக் செட், சாப்பாடு, பொன்னாடை பற்றித்தான். "யாரு பேசப் போறாங்க?" என்ற கேள்வி கடைசியில்தான் வரும். "யாராவது ஒரு பெரிய ஆபீசரைக் கூப்பிடுவோம்" என்று இரண்டு நிமிஷத்தில் அதையும் முடித்துவிடுவோம்.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கூட்டத்துக்கு 300 பேர் வருகிறார்கள். ஒருவருக்கு ஒரு நாள் கூலி 300 ரூபாய் என்று வைத்தாலும் 90,000 ரூபாய் ஆகிறது. பந்தல் செலவை விட, சாப்பாட்டுச் செலவை விட இதுதான் பெரிய செலவு. இது எந்த வவுச்சரிலும் வராது. அந்த 90,000 ரூபாய்க்கு உறுப்பினர் வீட்டுக்கு என்ன கொண்டு போகிறார்?

எங்களுக்குப் பாடம் சொன்ன கூட்டம்

சில வருஷங்களுக்கு முன் நடந்த ஒரு பொதுக்குழுவுக்கு ஒரு வங்கி அதிகாரியை அழைத்திருந்தோம். நல்ல மனிதர். முக்கால் மணி நேரம் வங்கியின் வளர்ச்சி, வைப்புத் திட்டங்கள் பற்றிப் பேசினார். எல்லோரும் கை தட்டினோம். பொன்னாடை போர்த்தி அனுப்பினோம்.

அடுத்த ஆண்டு ஒரு உறுப்பினரின் கணவர் சாலை விபத்தில் இறந்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து, கடன் விஷயமாக அந்தக் குடும்பத்தின் பாஸ்புக்கைப் பார்த்தபோதுதான் எங்கள் கண்ணில் பட்டது. வருஷத்துக்கு 20 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். பிரதம மந்திரி விபத்துக் காப்பீட்டுத் திட்டம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். "அது என்னவோ பேங்க்ல பிடிக்கிறாங்கன்னு நெனச்சேங்க" என்றார் அந்த அக்கா. போலீஸ் அறிக்கை, பிரேத பரிசோதனைச் சான்று, இறப்புச் சான்று என்று ஒவ்வொன்றுக்கும் அலைந்தோம். பணம் கடைசியில் வந்தது. ஆனால் அதற்குள் அவர் இரண்டு கறவை மாட்டையும் விற்றுவிட்டிருந்தார்.

அந்த அதிகாரிக்கு இந்தத் திட்டம் தெரியாமலா இருக்கும்? நாம் கேட்கவில்லை. "வந்து நாலு வார்த்தை பேசுங்க சார்" என்றோம், அவரும் நாலு வார்த்தை பேசினார். தப்பு எங்களுடையது. அன்றிலிருந்துதான் பேசுபவரைத் தேர்ந்தெடுக்க ஒரு முறையை வைத்துக்கொண்டோம். அதைக் கீழே சொல்கிறோம்.

1. முதலில் கேள்வி, பிறகு ஆள்

கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு குழுவிலும் கேளுங்கள்: "இந்த வருஷம் உங்களுக்குத் தெரியாமப் போனதால கஷ்டப்பட்ட விஷயம் என்ன?" எழுதத் தெரியாதவர் சொல்ல, ஊக்குநர் எழுதிக்கொள்ளலாம். சீட்டுகளை எல்லாம் சேர்த்துப் பிரித்தால் எது அதிகம் என்று தெரிந்துவிடும். கடன் தவணை, முந்திரியில் பூச்சி, பட்டா மாறுதல், குடிகாரக் கணவர் என்று நம் பக்கத்தில் வரும் கேள்விகள் நமக்குத் தெரிந்தவைதான். அதில் இரண்டை மட்டும் எடுங்கள். பத்து விஷயம் கேட்டால் ஒன்றும் மனசில் நிற்காது.

2. தலைமை வேறு, கருத்துரை வேறு

அதிகாரிகளையும் மக்கள் பிரதிநிதிகளையும் அழைக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்கள் வந்தால் நம் மனுவை நேரில் கொடுக்கலாம். அது தனி லாபம். ஆனால் குத்துவிளக்கு ஏற்றுபவரே பாடமும் நடத்த வேண்டும் என்பதில்லை. அவருக்கு வாழ்த்துரை 5 நிமிஷம். கருத்தாளருக்கு 30 நிமிஷம். விருந்தினர் வரத் தாமதமானாலும் கருத்துரையைக் குறித்த நேரத்தில் தொடங்கிவிடுங்கள். கைக்குழந்தையோடு வந்தவர் காத்திருக்க முடியாது.

3. நம்மைச் சுற்றியே இருக்கிறார்கள்

சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும் என்பதில்லை. விருத்தாசலத்திலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நிலக்கடலை, முந்திரி ரகங்களை உருவாக்கிய மண்டல ஆராய்ச்சி நிலையமும் இங்கேதான். வி.ஆர்.ஐ. என்று பெயர் வரும் ரகங்கள் நம் ஊர்ப் பெயரில் வந்தவை. முந்திரியில் தேயிலைக் கொசு தாக்கினால் என்ன செய்வது என்று அங்கே கேட்கலாம்.

சட்ட விஷயத்துக்கு வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்துவதும் அவர்கள் வேலைதான். கூட்டமைப்பின் கடிதத்தாளில் எழுதிக் கொடுங்கள். உடல்நலத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையம். மண், சூளை, கிளேஸ் பற்றி என்றால் நம் ஊரிலேயே பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத் தரும் நிறுவனம் இருக்கிறது.

4. நம்மில் ஒருவரை மறக்காதீர்கள்

நெய்வேலிக் களிமண் பக்கத்தில் கிடைப்பதால் வளர்ந்த தொழில் நம் ஊர் செராமிக். பொம்மை, விளக்கு செய்யும் இடங்களில் எத்தனையோ பெண்கள் பல வருஷமாக வேலை செய்கிறார்கள். புதிதாகத் தொழில் தொடங்க நினைத்த குழுக்களுக்காக, அப்படி அனுபவம் உள்ள ஒரு உறுப்பினரைப் பேச அழைத்தோம். "எனக்குப் பேச வராதுங்க" என்று மறுத்தார். "பேச வேணாம் அக்கா, செஞ்சு காட்டுங்க" என்றோம்.

பிளாஸ்டர் அச்சைக் கொண்டு வந்தார். மண் கலவையைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றினார். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்சுவரில் மண் படிந்து கெட்டியாகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் அச்சைப் பிரித்தால் உள்ளே பொம்மை! கூட்டமே எழுந்து வந்து பார்த்தது. "ஏன் அக்கா விரிசல் விடுது?" என்று ஒருவர் கேட்டார். "வெயில்ல வெச்சா ஒரு பக்கம் சீக்கிரம் காயும், இன்னொரு பக்கம் ஈரமா இருக்கும். அப்பத்தான் பிளக்கும். நிழல்ல வெச்சு, திருப்பித் திருப்பிக் காய வெக்கணும்" என்றார். இதை எந்தப் பேச்சாளர் இவ்வளவு எளிதாகச் சொல்வார்?

பிறகு அவரே, "தூசிதாங்க ஆகாது, இருமல் விடாது" என்றார். ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று வந்திருந்த மருத்துவர் எழுந்து விளக்கினார். மண்ணிலும் குவார்ட்ஸ் பொடியிலும் உள்ள சிலிக்கா நுரையீரலில் போய்த் தங்கிவிடும், அந்த நோய் வந்தால் குணமாகாது, காசநோயும் எளிதில் பிடிக்கும், அதனால் காய்ந்த தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்றார். அனுபவம் ஒருவரிடம், படிப்பு ஒருவரிடம். இரண்டையும் ஒரே மேடையில் சேர்த்தால் அதுதான் நல்ல கூட்டம்.

இது புதுசும் இல்லை. ஆந்திராவில் 2000-ல் தொடங்கிய வெலுகு திட்டத்தில் இதே வழியைப் பெரிய அளவில் செய்தார்கள். குழுவால் வறுமையிலிருந்து மேலே வந்த பெண்களையே மற்ற கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் அங்கேயே தங்கித் தங்கள் கதையைச் சொல்லிப் புதுக் குழுக்களை உருவாக்கினார்கள். பிறகு பீகார் வரைக்கும் போனார்கள். மொழி வேறாக இருந்தாலும் "நானும் உன்னை மாதிரி இருந்தவதான்" என்பது புரிந்துவிடுகிறது. நம் மாநிலத்தில் இன்று சமுதாய வளப் பயிற்றுநர்கள் செய்வதும் இதே வேலைதான்.

5. அழைக்கும் முன் விசாரியுங்கள்

• அவர் பேசியதை நம்மில் யாராவது நேரில் கேட்டிருக்கிறோமா? இல்லையென்றால் இரண்டு பேர் போய்ச் சந்தித்து, ஒரு கேள்வி கேட்டு, பதில் புரிகிறதா என்று பாருங்கள்.
• கேள்வி கேட்டால் கோபப்படுவாரா? பொறுமை இல்லாதவர் எவ்வளவு படித்திருந்தாலும் நமக்கு உதவாது.
• எதையாவது விற்க வருகிறாரா? சீட்டு, தனியார் கடன், சத்து மாவு, மருந்து என்று வருபவர்கள் இலவசமாகவே பேசத் தயாராக இருப்பார்கள். ஜாக்கிரதை! நம் மேடையில் ஏறியவரை "கூட்டமைப்பே சொல்லுது" என்று உறுப்பினர்கள் நம்பிவிடுவார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம்தான் ஜாமீன்.

6. அழைப்புக் கடிதத்தில் இருக்க வேண்டியவை

தேதி, இடம், நேரம் மட்டும் போதாது. வருபவர்கள் எத்தனை பேர், என்ன தொழில், எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியும், அவர் எத்தனை நிமிஷம் பேச வேண்டும் என்று எழுதுங்கள். சீட்டில் வந்த கேள்விகளில் ஐந்தை அப்படியே இணைத்து அனுப்புங்கள். இரண்டு நாள் முன் போனில் ஞாபகப்படுத்துங்கள். போக்குவரத்துச் செலவு, மதிப்பூதியம் எவ்வளவு என்று முன்கூட்டியே தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கொடுத்ததும் வவுச்சர் வாங்குங்கள். நம் உறுப்பினர் பேசினாலும் அவருக்கும் அன்றைய கூலியாவது கொடுக்க வேண்டும். பெண் கருத்தாளர் என்றால் கழிப்பறை வசதி, திரும்பிப் போகக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் பாருங்கள்.

7. கூட்டம் முடிந்த பிறகு

அடுத்த குழுக் கூட்டத்தில் மூன்றே கேள்வி கேளுங்கள். என்ன ஞாபகம் இருக்கிறது? அதில் எதைச் செய்தீர்கள்? அவரை மறுபடி கூப்பிடலாமா? பதிலை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று வருஷத்தில் அந்த நோட்டே நம் கூட்டமைப்பின் கருத்தாளர் பட்டியல் ஆகிவிடும். பொறுப்பாளர்கள் மாறினாலும் நோட்டு மாறாது.

மாடு விற்ற அந்த அக்கா இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? போன பொதுக்குழுவில் அவரே மைக்கைப் பிடித்தார். ஐந்தே நிமிஷம். "எல்லாரும் வீட்டுக்குப் போயி பாஸ்புக்கை எடுத்துப் பாருங்க. 20 ரூபாய், 436 ரூபாய் பிடிச்சிருந்தா அது இன்சூரன்ஸ். வீட்ல எல்லாருக்கும் சொல்லி வையுங்க." அடுத்த மாதக் குழுக் கூட்டங்களுக்குப் பல பேர் பாஸ்புக்கோடு வந்தார்கள். கேட்ட விஷயத்தை வீட்டில் போய்ச் செய்ய வைத்தவர்தான் நல்ல கருத்தாளர்.

இந்தக் கட்டுரையை அடுத்த கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படியுங்கள். உங்கள் குழுவில் யாருக்கு எது நன்றாகத் தெரியும் என்று பேசி, அந்தப் பெயர்களைக் கூட்டமைப்புக்கு எழுதிக் கொடுங்கள். வரும் பொதுக்குழுவின் கருத்தாளர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவராகக்கூட இருக்கலாம்.