கடல் கடந்த தாம்பத்தியமும் கைத்தொலைபேசிச் சந்தேகமும்

வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் காத்தான்குடியிலும், அதற்கு வடக்கே ஏறாவூரிலும் எத்தனையோ இளம் மனைவியர் கணவனை றியாதுக்கும் தோஹாவுக்கும் குவைத்துக்கும் அனுப்பிவிட்டு நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எண்பதுகளில் இவர்களுடைய உம்மாமாருக்குக் கிடைத்தது வான் கடிதம்; தப்பினால், ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பிய ஒலிப்பதிவு நாடா. கோபத்தில் எழுதியதைக் கிழித்துப் போட ஓர் இரவாவது அவகாசம் இருந்தது. இன்று நினைத்த மாத்திரத்தில் முகம் பார்த்துப் பேசலாம். இவ்வளவு வசதியிருந்தும் சண்டை ஏன்?

வேறு பெண், வேறு ஆண் என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். அப்படியும் நடக்கிறதுதான். ஆனால் பல சண்டைகளின் வித்து அதைவிட மிகச் சிறியது. வட்ஸ்அப் பாதி உண்மையைச் சொல்கிறது. மீதியைப் பார்ப்பவர் தன் மனதிலிருந்து நிரப்பிக்கொள்கிறார்.

ரமழானை எடுத்துக்கொள்வோம். ஏறாவூரில் மனைவி அதிகாலை நான்கு மணிக்கு சஹருக்கு எழும்பி, தன் தங்கையை எழுப்ப ஒரு செய்தி அனுப்புகிறாள். றியாத் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. அங்கே கணவன் தன் சஹருக்கு எழும்பிப் பார்க்கும்போது, அவள் கடைசியாக வந்த நேரம் 1.30 என்று திரை காட்டுகிறது. "நடுச்சாமத்தில யாரோட கதைச்ச?" நேர வித்தியாசம் அவருக்குத் தெரியாததல்ல. தூக்கக் கலக்கமும் தனிமையும் கணக்குப் பார்க்க விடுவதில்லை. 2014 நவம்பரில் வந்த நீலக் குறியும் அப்படித்தான். வாசித்துவிட்டாள் என்று காட்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், பதில் எழுதக் கை ஓயவில்லை என்று காட்டாது. இவற்றை மறைத்து வைக்கலாமே என்றால், "ஏன் மறைச்ச?" என்று அடுத்த வழக்கு தொடங்கும்.

கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 308 மாணவர்களிடம் விசாரித்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பேஸ்புக்கில் கூடுதல் நேரம் இருப்போரிடம் அதன் வழியே வரும் பொறாமையும் கூடுதலாக இருந்தது. தெளிவில்லாத ஒரு தகவல் சந்தேகத்தைக் கிளப்புகிறது, சந்தேகம் மேலும் தேட வைக்கிறது என்றார்கள். துருவித் துருவி ஆராய்வதை சூரா ஹுஜுராத்தின் 12ஆவது வசனம் தடுப்பது நமக்குத் தெரியும். விரல்தான் கேட்பதில்லை.

காரணம் தெரிந்தால் மௌனம் இவ்வளவு சுடாது. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியபோது, பதில் வராத கணவன்மாருக்குக் கவலை இருந்திருக்கும். மனைவி மீது கோபம் வந்திருக்காது.

நம் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பவர். அவர் அனுப்பிய கோபக் குரல் பதிவு குசினியில் சத்தமாக ஒலித்தால் மாமியும் மச்சிமாரும் கேட்பார்கள். பதிலுக்கு அவர், மனைவி எழுதியதைப் படம் பிடித்துத் தன் ராத்தாவுக்கு அனுப்புவார். முன்பு வாய்ச் சண்டை காற்றோடு போகும். இப்போது அது சாட்சியாகி, காதி நீதிமன்றம் வரை கூட வரலாம். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், கணவன் தலாக் அறிவித்தல் கொடுத்தால் உறவினரையும் ஊர்ப் பெரியவர்களையும் கொண்டு சமரசம் செய்ய முயலும்படி காதியாரைப் பணிக்கிறது. அதற்கு முப்பது நாள் தவணையும் வைத்திருக்கிறது. குரல் பதிவுக்கு முப்பது வினாடி போதும்.

ஆகவே சண்டையை எழுத்திலும் பதிவிலும் வைத்துக்கொள்ளாதீர்கள். நேரம் ஒன்றைப் பேசி வையுங்கள். இங்கே இரவு 9.30 என்றால் றியாதில் ஏழு மணி. வேலை முடிந்து குளித்திருப்பார். கேட்க வேண்டியதை அப்போது முகம் பார்த்துக் கேளுங்கள்.

வெளிநாடு போனது மனைவி என்றால் இன்னும் பொறுமை வேண்டும். வீட்டுப் பணிப்பெண்ணின் கைத்தொலைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு, வேலையெல்லாம் முடிந்த பிறகே கொடுக்கும் வீடுகள் அங்கே உண்டு. அவளுக்குக் கிடைப்பது பத்து நிமிடமாக இருக்கலாம். "நேற்று ஏன் எடுக்கல்ல?" என்று தொடங்காமல், முதலில் போனைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.