உங்களுக்குத் தெரியுமா? மலையேறப் பட்டப்பெயர்
ஜொகூரின் மிக உயரமான மலையான குனோங் லேடாங்கில் (1,276 மீட்டர்) ஏறி இறங்கியவரின் முழங்காலைக் கேட்டால் கதை கதையாகச் சொல்லும். அப்படியிருக்க, புற்றுநோயிலிருந்து மீண்ட இளையோரை வேண்டுமென்றே மலைக்கும் ஆற்றுக்கும் அழைத்துப் போகிறார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்கப் படகோட்டி பிராட் லட்டன் 2001-இல் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட் டிசென்ட்ஸ்’ அமைப்பு அதைத்தான் செய்கிறது. 18 முதல் 39 வயதுக்காரர்கள் கயாக் ஓட்டுகிறார்கள், பாறை ஏறுகிறார்கள். அதன் முகாமில் சொந்தப் பெயர் கிடையாது, பட்டப்பெயர்தான். மருத்துவமனை அட்டையில் இருந்த பெயரைச் சில நாள் மறந்திருக்கலாமே! ஒன்று மட்டும் கவனம்: டாக்சோரூபிசின் போன்ற புற்றுநோய் மருந்துகள் சிலருக்கு இதயத்தைப் பலவீனமாக்கும், அதுவும் பல ஆண்டுகள் கழித்து. அப்படிச் சிகிச்சை பெற்றவர் லேடாங்குக்கோ எண்டாவ்-ரொம்பின் காட்டுக்கோ கிளம்புமுன் இதயப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.