அரசாணை கொடுத்தது, அரசாணையே எடுத்தது

தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் முகாம்களில் ஐந்து வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க யாரும் அலைய வேண்டியதில்லை. பக்கத்து அரசுப் பள்ளியில் இடம் உண்டு. சத்துணவு, சீருடை, பாடநூல், சைக்கிள் என்று ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதெல்லாம் முகாம் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது. காய்ச்சல் தலைவலிக்கு ஆரம்ப சுகாதார நிலையமும், பெரிய நோய்க்கு அரசு ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம்வாசிகளுக்கு வருமான வரம்புகூடக் கிடையாது. அகதிகளுக்கு இவ்வளவு செய்யும் இடங்கள் உலகத்தில் அதிகம் இல்லை. செய்த அரசுகளையும், பிள்ளைகளை வேறுபாடு காட்டாமல் வகுப்பில் உட்காரவைத்த ஆசிரியர்களையும் மனமாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் இதில் எதுவும் உரிமையாகக் கொடுக்கப்பட்டதல்ல. எல்லாமே அரசாணையில் வந்தவை. அரசின் மனம் மாறினால் என்ன ஆகும் என்பதை முகாம்கள் ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்துவிட்டன.

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வரத் தொடங்கியவர்களின் மொத்தக் கணக்கு மூன்று லட்சத்தைத் தாண்டும். பலர் திரும்பிப் போனார்கள், சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். 2021-ல் அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்கின்படி மண்டபம், கும்மிடிப்பூண்டி, பவானிசாகர், கொட்டப்பட்டு என்று நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58,000-க்கும் அதிகமானோர் இருந்தார்கள். காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வெளியில் வாழ்ந்தவர்கள் சுமார் 34,000 பேர். முதலில் வந்தவர்களுக்கு இங்கே நல்ல வரவேற்பு இருந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்கல்விப் படிப்புகளில் அகதி மாணவர்களுக்கென்று தனி இடங்களே ஒதுக்கினார்கள்.

1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன் பிறகு அந்த இடங்கள் பறிக்கப்பட்டன. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழையவும் தடை வந்தது. கொலை செய்தவர்களுக்கும், முகாமில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு தலைமுறையின் மேல்படிப்பு அதில் அடிபட்டுப் போனது. பின்னாளில் கல்லூரிச் சேர்க்கை மெல்ல மெல்லத் திரும்பக் கிடைத்தது. இழந்த வருடங்களை யாரும் திருப்பித் தரவில்லை.

1951-ன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச்சட்டமும் நம்மிடம் இல்லை. அதனால் அகதிக்கு இங்கே எந்த உரிமையும் கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கல்வியும் மருத்துவமும் எல்லோருக்கும் உரியவை என்று சொல்லும் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1979-லும், குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை 1992-லும் ஏற்றுக்கொண்டது. அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டுமானதல்ல. சக்மா அகதிகள் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வேறொரு வழக்கில், அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது அந்தப் பிரிவை மீறுவதாகும் என்றும் தீர்ப்பளித்தது. 6 முதல் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி என்ற 21-ஏ பிரிவும் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவானது.

ஆகவே பதினான்கு வயதுவரை சட்டம் துணைக்கு இருக்கிறது. பிரச்சினை அதற்கு மேல்தான்.

முகாமில் பிளஸ் டூ முடிவு வரும் நாளில் மற்ற வீடுகளைப் போலவே மிட்டாய் கொடுக்கிறார்கள். பொறியியல் கலந்தாய்வில் அகதி என்ற சான்றிதழைக் காட்டி இடம் வாங்கலாம். கலை, அறிவியல் கல்லூரியிலும் சேரலாம், அரசு உதவித்தொகையும் உண்டு. மருத்துவக் கலந்தாய்வில் மட்டும் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை குறுக்கே நிற்கிறது. மன்னாரிலிருந்து சிறுமியாக வந்து இங்கேயே கல்யாணமும் முடித்த ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "பள்ளிக்கூடத்தில எல்லாரும் நல்லாத்தான் பாத்தவை தம்பி. டீச்சர்தான் இவளுக்கு டாக்டர் ஆசையை ஏத்திவிட்டது. இப்ப நான் பிள்ளைக்கு என்னெண்டு சொல்லுறது?" மகள் பேசவில்லை. உயிரியல் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுப்பதற்காக.

மருத்துவம் ஒன்றுதான் படிப்பா என்று கேட்கலாம். மற்றதைப் படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். அரசு வேலைக்கான தேர்வை எழுத முடியாது. சட்டம் படித்தால் வழக்கறிஞராகப் பதிவு செய்யக் குடியுரிமை கேட்கிறார்கள். நல்ல கம்பெனியில் நேர்முகத் தேர்வுவரை போனவர்கள், பாஸ்போர்ட் இல்லை என்றதும் திரும்பி வந்திருக்கிறார்கள். முகாம் ஆண்களில் மிகப் பலருக்குத் தெரிந்த வேலை பெயிண்டிங்தான். விடியற்காலையில் டிபன் பாக்ஸோடு வண்டி ஏறி, நாள் முழுக்கச் சுவருக்குப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, நகக்கண்ணில் வெள்ளை ஒட்டிய கையோடு பொழுது சாய்ந்து வருகிறவர்களில் பட்டதாரிகளும் இருக்கிறார்கள். அண்ணன் பி.காம். முடித்துவிட்டுச் சாரத்தில் ஏறுவதைப் பார்க்கும் தம்பி, பத்தாம் வகுப்போடு தானும் பிரஷைத் தூக்கிக்கொள்கிறான். அவனைப் பொறுப்பற்றவன் என்று சொல்ல என்னால் முடியாது.

சாரத்திலிருந்து தவறி விழுகிறவரை அரசு ஆஸ்பத்திரி சேர்த்துக்கொள்ளும், எலும்பைக் கூட்டும். படுத்திருக்கும் மாதங்களில் வீட்டுக்கு வருமானம்? அன்றாடக் கூலிக்கு இ.எஸ்.ஐ. இல்லை. முகாமில் மாதாமாதம் தரும் பணக்கொடை 2021-ல் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும் மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. முகாம் பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கு அதுவும் கிடையாது. வீடும் உடல்நலத்தில் சேர்த்திதான். பத்துக்குப் பத்து அறையில், வெயிலில் கொதிக்கும் கூரையின் கீழ், பொதுக் கழிப்பறையை நம்பிப் பிள்ளை பெற்று வளர்த்த பெண்களுக்கு மாத்திரை மட்டும் கொடுத்துப் பயனில்லை. அதனால்தான் 2021-ல் அறிவித்த 7,469 புதிய வீடுகளை நான் ஒரு மருத்துவத் திட்டமாகவே பார்க்கிறேன். அந்த ஆண்டு நவம்பரில் வேலூர் மேல்மொணவூரில் முதல்கட்ட வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

அகதிகள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி.சந்திரஹாசன் 1984-ல் தொடங்கிய ஈழ அகதிகள் மறுவாழ்வுக் கழகம், முகாம் இளைஞர்களையே கொண்டு மாலை வகுப்புகள் நடத்தியது, முகாம் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தது. பிள்ளைகள் கல்லூரிவரை வந்ததில் அந்த மாலை வகுப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

எல்லா வழியும் கடைசியில் குடியுரிமையில் போய் முட்டுகிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அப்படி 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் 2022-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளைவரை போய்த்தான் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினார். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். அப்பா உள்ளூர்க்காரராகவே இருந்தாலும், அம்மா ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற கணக்கில் வந்தால் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானோடு நின்றுவிட்டது. முகாம்களில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள். இங்கிருந்து தோட்ட வேலைக்குக் கூட்டிச் செல்லப்பட்டவர்களின் வாரிசுகள். அவர்களையும் அயலார் என்று சொல்வதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது.

2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்டவர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக நடவடிக்கை இருக்காது என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. தண்டனை பயம் போனது பெரிய ஆறுதல். குடியுரிமைக்கு அது வழி திறக்கவில்லை.

அந்த வழியை டெல்லிதான் திறக்க வேண்டும். அதுவரை தமிழ்நாடு அரசு சும்மா இருக்க வேண்டும் என்பதில்லை. எம்.ஜி.ஆர். காலத்தில் கொடுத்த மருத்துவ இடங்களை மீண்டும் கொடுக்க முயலலாம், தேசிய மருத்துவ ஆணையத்திடம் அதற்காக வாதாடலாம், தேவையென்றால் நீதிமன்றம் போகலாம். முகாம் பிள்ளைகளின் கல்வியையும் சிகிச்சையையும் அரசாணையிலிருந்து எடுத்துச் சட்டமன்றத்தில் சட்டமாகவே நிறைவேற்றலாம். அடுத்து யார் ஆட்சிக்கு வந்தாலும் ஒரே கையெழுத்தில் அதை எடுத்துவிட முடியாது.