வானிலிருந்து அளக்கப்பட்ட தாராவி: கூரை தெரியும், காலம் தெரியுமா?

மும்பையின் தாராவியில் தமிழர்கள் குடியேறி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிறது. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் 90 அடி சாலையைச் சுற்றி வாழ்கின்றனர். மாட்டுங்காவும் செம்பூரும் நடுத்தர வர்க்கத் தமிழர்களின் பகுதிகளாக வளர்ந்தபோது, தாராவி உழைக்கும் தமிழர்களின் ஊராக நிலைத்தது. அந்த ஊரின் கூரைகளையும் சந்துகளையும் அச்சு அசலாகக் கணினித் திரையில் எழுப்பும் பணி 2024-ல் தொடங்கியது. யாருக்கு வீடு, எங்கே வீடு என்ற முடிவுக்கான முதல் படி அது.

தாராவியைச் சீரமைக்கும் திட்டத்துக்கு மகாராஷ்டிர அரசு 2004-லேயே ஒப்புதல் அளித்தது. டெண்டர்கள் பலமுறை தடைபட்ட பிறகு, 2022 நவம்பரில் ரூ.5,069 கோடிக்கு ஏலம் கேட்ட அதானி குழுமம் முதலிடம் பெற்றது. அக்குழுமத்துக்கு 80 சதவீதமும் மாநில அரசுக்கு 20 சதவீதமும் பங்குள்ள நிறுவனம் பணிகளை மேற்கொள்கிறது. 2024 மார்ச்சில் கமலா ராமன் நகரிலிருந்து கணக்கெடுப்பு தொடங்கியது.

படம் உருவாகும் விதம்: ஆளில்லாச் சிறு விமானம் ஒரே கூரையைப் பல கோணங்களில், ஒன்றின் மேல் ஒன்று படியும்படி படமெடுக்கிறது. எல்லாப் படங்களிலும் உள்ள பொதுப் புள்ளிகளைக் கணினி கண்டறிந்து, அவற்றின் உயரத்தையும் தூரத்தையும் கணக்கிடுகிறது. லேசர் கதிர் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு அளக்கும் 'லிடார்' கருவி அந்த அளவுகளைத் துல்லியமாக்குகிறது. கோடிக்கணக்கான புள்ளிகளை இணைத்து, அவற்றின் மீது புகைப்படத்தைப் போர்த்தினால் தகரமும் தார்ப்பாயும் அப்படியே தெரியும் முப்பரிமாண நிலக்காட்சி கிடைக்கிறது.

ஆனால், தாராவியில் எதிரெதிர்க் கூரைகள் தொட்டுக்கொள்ளும் சந்துகள் ஏராளம். வானிலிருந்து பார்த்தால் அவை இல்லாதவை போலவே தோன்றும். எனவேதான் முதுகில் லிடார் கருவியைச் சுமந்தபடி ஊழியர்கள் சந்துகளில் நடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் எண் இடப்பட்டு, பிறகு வீடு வீடாக ஆவணங்கள் பெறப்பட்டன.

சட்டம் கேட்பது காலம்: படத்தின் உண்மையான எல்லை இங்குதான் வெளிப்படுகிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசித்தவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை குடியேறியவர்கள் ரூ.2.5 லட்சம் செலுத்தினால், தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு. 2022 நவம்பர் 15 வரை மேல்தளங்களில் குடியேறியவர்களுக்கும் தாராவிக்கு வெளியேதான் வீடு. அதுவும் வாடகை அல்லது வாடகைக் கொள்முதல் முறையில்.

லிடார் கருவி வீட்டின் உயரத்தை அளந்து, மேலே ஒரு தளம் உள்ளது என்று சொல்லும். வெளிப்புற இரும்பு ஏணியில் ஏறி அங்கே செல்பவர் கீழ்வீட்டுக்காரரின் மகனா, வாடகைக் குடித்தனக்காரரா என்று சொல்லாது. 2024-ல் எடுத்த படம் 2000-ல் அங்கே இருந்தவர் யார் என்றும் சொல்லாது. பழைய செயற்கைக்கோள் படங்களும் உதவா. 1999-ல் ஏவப்பட்ட ஐகோனாஸ் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி சுமார் ஒரு மீட்டர். பத்துக்குப் பத்து அடி அறை அதில் ஏறத்தாழ ஒன்பது புள்ளிகள் மட்டுமே. ஆகவே, எத்தனை நவீனக் கருவி வந்தாலும் ஏழையின் உரிமை கடைசியில் பழைய ரேஷன் அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் மின் கட்டண ரசீதிலும்தான் தங்கியுள்ளது. மழை வெள்ளத்தில் அவற்றை இழந்தவர், வீட்டின் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தகுதியற்றவராகி விடலாம்.

தில்லியின் பங்கு: இந்த விவகாரம் மும்பையோடு முடிவதில்லை. இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியின்றி நிலப்பட விவரங்களைத் திரட்ட வழிசெய்தவை, 2021 பிப்ரவரி 15-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள். மும்பையின் 255.9 ஏக்கர் உப்பள நிலத்தை மாநில அரசுக்கு மாற்ற 2024-ல் ஒப்புதல் அளித்ததும் மத்திய அரசே. அதே ஆண்டில், செம்பூரை அடுத்த தேவனார் குப்பைக் கிடங்கில் 124 ஏக்கரை ஒதுக்க மாநில அமைச்சரவை முடிவு செய்தது. தாராவிக்குள் தகுதி கிட்டாதவர்களின் முகவரி இத்தகைய நிலங்களில் அமையக்கூடும் என்பதே எதிர்ப்புக்குக் காரணம்.

மத்திய அரசு 2020 ஏப்ரல் 24-ல் தொடங்கிய 'ஸ்வாமித்வா' திட்டமும் ஆளில்லா விமானங்களையே பயன்படுத்துகிறது. ஆனால், அங்கே கிராம மக்கள் முன்னிலையில் மனை எல்லைகளில் சுண்ணாம்புக் கோடு போட்ட பிறகே விமானம் பறக்கிறது. தயாரான வரைபடம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, ஆட்சேபங்கள் கேட்கப்படுகின்றன.

தாராவியிலும் தகுதிப் பட்டியலின் வரைவு மீது ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால், பட்டியலுக்கு அடிப்படையான படத்தையும் அளவுகளையும் குடியிருப்போர் தம் மொழியில் பார்த்துச் சரிபார்க்க முடிந்தால்தான் அந்த வாய்ப்புக்குப் பொருள் உண்டு. அளந்தவர் கையில் மட்டும் படம் இருந்தால், அளக்கப்பட்டவர் தம் வீட்டைப் பற்றியே வாதாட இயலாது.