ஒரு தோலுக்குள் ஆயிரம் ஆம்–இல்லை

ஆம்பூர் காலணி ஆலைகளின் வெட்டுமேசைக்கு வரும் தோல்களில் ஒன்றைப் போல் இன்னொன்று இருப்பதில்லை. முதுகுப் பகுதி இறுக்கமாக இருக்கும். வயிற்றுப் பகுதி தளர்ந்து இழுபடும். உண்ணி கடித்த தடம், முள் கீறிய வடு, சூடு போட்ட குறி என்று குறைகள் ஆங்காங்கே கிடக்கும். ஷூவின் முன்பாகமான வேம்ப் குறையற்ற இடத்தில்தான் அமைய வேண்டும். நாக்கை ஓரத்தில் வெட்டினாலும் பாதகமில்லை. தோல் சதுர அடிக் கணக்கில் விலை போகும் சரக்கு. வெட்டில் கழியும் துண்டுகளிலோ பதனிடும்போது சேர்ந்த குரோமியம் இருக்கிறது; அந்தக் கழிவைப் பாலாற்றுப் படுகை ஏற்கெனவே சுமந்தது போதும்.

கைதேர்ந்த வெட்டுநர் கண்ணளவில் முடிக்கும் இந்தக் கணக்கைக் கணினிக்கு ஆம்–இல்லைக் கேள்விகளாக உடைத்துத் தர வேண்டும். ஒரு துண்டு, ஓர் இடம், ஒரு திசை மூன்றும் சேர்ந்தது ஒரு வாய்ப்பு. தேர்ந்தால் 1, விட்டால் 0. குறையின் மேல் விழும் வாய்ப்புகள் முதலிலேயே நீக்கப்படும். ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம். வெறும் 100 வாய்ப்புகளுக்கே சேர்க்கைகளின் எண்ணிக்கை 31 இலக்கம். ரிச்சர்ட் கார்ப் 1972-இல் பட்டியலிட்ட 21 கடினக் கணக்குகளில் இந்த 0–1 வகையும் உண்டு.

பெர்லின் சூசே நிறுவனத்தின் ஸ்கிப், எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஹைஸ் ஆகிய, இவ்வகைக் கணக்குகளைத் தீர்க்கும் மென்பொருள்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டுக்கும் அடித்தளம் ஐல்சா லேண்டும் அலிசன் டாய்கும் 1960-இல் வெளியிட்ட முறை. 0, 1 என்பதற்குப் பதிலாகப் பின்னங்களையும் அனுமதித்தால் கணக்கு எளிதாகி, பயன்படும் பரப்புக்கு ஓர் உச்சவரம்பு கிடைக்கும். ஒவ்வொரு வாய்ப்பையும் 1, 0 என்று வைத்துக் கணக்கைக் கிளைகளாகப் பிரிக்கும்போது, அந்த வரம்பு கையிலுள்ள விடையை மிஞ்சாத கிளைகள் அப்படியே வெட்டப்படும். 19 சதுர அடி பயன்படும் அமைப்பு கிடைத்து, உச்சவரம்பு 19.5 என்று நின்றால், கொடுத்த வாய்ப்புகளுக்குள் இனி எவராலும் அரை சதுர அடிக்கு மேல் மிச்சப்படுத்த முடியாது. இந்த உறுதியைக் கண்ணளவால் தர இயலாது. மென்பொருளின் பெரும்பயன் இதுவே.

எந்த மென்பொருள் நல்லது? மிப்லிப் 2017 என்ற சோதனைக் கணக்குத் தொகுப்பில் ஒப்பீட்டுக்கென்றே 240 கணக்குகள் உள்ளன. அவை பல துறைகளிலிருந்து வந்தவை. அங்கே முந்துவது தோலிலும் முந்தும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆலையின் சொந்தத் தோல்களைப் படமெடுத்து, ஒரே கணினியில், ஒரே கால வரம்பில் ஓட்டிப் பார்ப்பதுதான் நியாயமான சோதனை. தற்செயல் தொடக்க எண்ணை மாற்றினாலே நேரம் பலமடங்கு மாறக்கூடும் என்பதால் ஒவ்வொன்றையும் பலமுறை ஓட்ட வேண்டும். சாதாரணச் சராசரியை ஒரே ஒரு கடினத் தோல் இழுத்துவிடும்; ஆகவே பெருக்கல் சராசரி பயன்படுகிறது. தீராமல் நின்ற கணக்குகளை அட்டவணையிலிருந்து நீக்குவது பெரும் பிழை. அவற்றின் விடைக்கும் வரம்புக்கும் உள்ள இடைவெளியையும் காட்ட வேண்டும். வெட்டுநர் போட்ட அமைப்பையும் அதே வரம்போடு ஒப்பிட்டால், அவர் கைத்திறனின் அளவும் அதில் தெரியவரும்.